சிப்பாயின் காலணியும் கோப்பின் பயணமும்

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனிமலையில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையின் மீது பெரும் பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது படையணியைச் சேர்ந்த பத்து வீரர்கள் அதில் புதைந்தனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறு நாள்களுக்குப் பிறகு உயிருடன் மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று தில்லி ராணுவ மருத்துவமனையில் உயிரிழந்தார். அந்த ஒரு வாரமும் நாடு முழுவதும் பிரார்த்தனைகள் நடந்தன.

அதே குளிர்காலத்தில் நிகழ்ந்த வேறொன்று நமக்குத் தெரியவர நான்கு ஆண்டுகள் ஆயின. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை அதைச் சொன்னது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை உயர்மலைப் பகுதிகளில் பணிபுரிந்த வீரர்களுக்குப் பன்னோக்குக் காலணிகள் வழங்கப்படவில்லை. ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட காலணிகளையே சீர்செய்து மீண்டும் அணிய வேண்டியிருந்தது என்று அது குறிப்பிட்டது. பனிச்சரிவுக்கும் காலணிக்கும் தொடர்பில்லை. அவ்விரண்டையும் முடிச்சுப் போடுவது நேர்மையாகாது. ஆனால், பனிச்சரிவு இயற்கையின் செயல்; காலணி வாங்குவது மனிதரின் வேலை. முதலாவதை நம்மால் தடுக்க முடியாது. இரண்டாவது ஏன் நடக்கவில்லை என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அந்த அறிக்கை காலணியோடு நிற்கவில்லை. பனிப்பகுதிகளில் கண்களைக் காக்கும் கண்ணாடிகளில் 62 முதல் 98 விழுக்காடு வரை பற்றாக்குறை இருந்தது. முகக் கவசம், மேலங்கி, உறங்கும் பை ஆகியவை பழைய தர வரையறையின்படியே வாங்கப்பட்டதால், மேம்பட்ட பொருள்கள் சந்தையில் இருந்தும் வீரர்களுக்குக் கிடைக்கவில்லை. கடுங்குளிர் உடைகளையும் கருவிகளையும் வாங்குவதில் நான்கு ஆண்டுகள் வரை தாமதம் நேர்ந்தது. சிறப்பு உணவுப் பொருள்களுக்கு மாற்றாக வழங்கப்பட்டவை, கலோரியை அளவுகோலாகக் கொள்ளாமல் விலையை அளவுகோலாகக் கொண்டு கணக்கிடப்பட்டன. அதனால் வீரருக்குக் கிடைக்க வேண்டிய கலோரியில் 82 விழுக்காடு வரை குறைவு ஏற்பட்டது.

இவை புள்ளிவிவரங்களாகப் படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றலாம். பனியில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளி, கண்ணாடி அணியாத கண்ணைச் சில மணி நேரத்தில் புண்ணாக்கிப் பார்வையை மறைத்துவிடும். ஈரம் கசியும் காலணிக்குள் வியர்வை உறைந்தால் விரல்களுக்கு இரத்தம் செல்வது தடைப்படும். பிறகு அந்த விரல்களை வெட்டி அகற்ற நேரிடலாம். அவ்வளவு உயரத்தில் பசியும் குறையும், செரிமானமும் குறையும். உடலுக்குத் தேவையான ஆற்றல் மட்டும் கூடும். 1984 ஏப்ரல் 13 அன்று இந்திய ராணுவம் சியாச்சினில் காலூன்றியது முதல் இன்றுவரை, அங்கே பகைவரின் குண்டுகளால் இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் உயர்மலை நோய்களாலும் இறந்தவர்களே அதிகம். அங்கே காலணியும் கண்ணாடியும் துப்பாக்கிக்கு இணையான படைக்கலங்கள்.

தணிக்கைக் குறிப்புக்குப் பாதுகாப்பு அமைச்சகம் தந்த பதிலில் நிதி நெருக்கடியும் ராணுவத்தின் கூடிவிட்ட தேவையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அறிக்கை பழைய ஆண்டுகளைப் பற்றியது, அதன்பின் நிலைமை சீரடைந்துவிட்டது என்று ராணுவத் தரப்பு விளக்கியது. அந்த விளக்கத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், ஒரு குறை நேர்ந்து, பின்னர் சரிசெய்யப்பட்டது என்பதோடு நாம் அமைதியடைந்துவிட முடியாது. அந்தக் குறை எந்த வழியாக வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், அடுத்த முறை வேறொரு பொருளின் வடிவில் அது திரும்பி வரும்.

அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பல்லாண்டுகள் கொள்முதல் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். நாங்கள் வாங்கியவை மேசை, நாற்காலி, மருந்துப் பெட்டி போன்ற எளிய பொருள்கள்தான். ஆனால், கோப்பின் இயல்பு எல்லா இடங்களிலும் ஒன்றே. ஒரு கோப்பில் கையொப்பமிட்டவரிடம், ஏன் இட்டாய் என்று கேட்கத் தணிக்கை உண்டு, விசாரணை உண்டு, சில வேளைகளில் வழக்கும் உண்டு. அதே கோப்பை, 'விளக்கம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்பியவரிடம், ஏன் அனுப்பினாய் என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தவறான முடிவுக்குத் தண்டனை உண்டு. தாமதமான முடிவுக்கு இல்லை. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால், சியாச்சின் வீரருக்குக் காலணி ஏன் வரவில்லை என்பதில் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதி, நடைமுறையின் நீளம். படைகளுக்கான கொள்முதல் இரு வழிகளில் நடக்கிறது. விமானம், பீரங்கி, கப்பல் போன்றவை மூலதனச் செலவில் வருபவை. அவற்றுக்கென 2002-இல் தனிக் கொள்முதல் நடைமுறை வகுக்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்டு, இப்போது 2020-ஆம் ஆண்டின் நடைமுறை வழக்கில் உள்ளது. உடை, உணவு, உதிரிப் பாகங்கள் போன்ற அன்றாடத் தேவைகள் வருவாய்ச் செலவில் வருபவை. அவற்றுக்குத் தனிக் கையேடு உண்டு.

எந்த வழியானாலும் படிக்கட்டுகள் ஏறக்குறைய ஒன்றே. முதலில் பொருளின் தர வரையறை எழுதப்பட வேண்டும். தேவை ஏற்கப்பட வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரப்பட வேண்டும். வந்த மாதிரிகள் ஆய்வகத்திலும் களத்திலும் சோதிக்கப்பட வேண்டும். அவற்றில் தேறியவர்களுள் மிகக் குறைந்த விலை கேட்டவரோடு விலை பேச வேண்டும். நிதிப் பிரிவு இசைய வேண்டும். அதிகாரம் பெற்றவர் ஒப்புதல் தர வேண்டும். பனிக்காலத்துக்கான பொருளைக் களத்தில் சோதிக்கப் பனிக்காலம் வர வேண்டும். அதைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும். ஏதேனும் ஒரு படியில் கோப்பு சறுக்கினால், பெரும்பாலும் மீண்டும் முதற்படியிலிருந்தே ஏற வேண்டும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு குண்டு துளைக்காத கவச உடை. 1,86,138 கவச உடைகள் வாங்குவதற்குப் பாதுகாப்புக் கொள்முதல் குழு 2009-இல் ஒப்புதல் அளித்தது. ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது 2012-இல். சோதனைகளில் எந்த மாதிரியும் தேறாததால் 2015-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. இடைக்கால ஏற்பாடாக 2016-இல் 50,000 உடைகள் வாங்கப்பட்டன. மீண்டும் ஒப்பந்தப்புள்ளி, மீண்டும் சோதனை. இறுதியில் 2018 ஏப்ரலில்தான் 1,86,138 உடைகளுக்கு 639 கோடி ரூபாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவை மூன்று ஆண்டுகளில் வழங்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒப்புதலுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். இடையில் 2014-இல் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு இந்தப் பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டியது. கூடவே காலணி, முகக்கவசம், கொசுவலை ஆகியவற்றின் பற்றாக்குறையையும் பட்டியலிட்டது. நாடாளுமன்றம் எச்சரித்த பிறகும் நான்காண்டுகள் ஆயின.

பணம் இல்லாததால் நேர்ந்த தாமதமா இது? கணக்கிட்டுப் பார்க்கலாம். 639 கோடியை 1,86,138-ஆல் வகுத்தால் ஓர் உடைக்கு ஏறத்தாழ 34,000 ரூபாய் வரும். ஒப்பந்தம் கையெழுத்தான 2018-19 நிதியாண்டில், ஓய்வூதியமும் உள்ளிட்ட பாதுகாப்பு ஒதுக்கீடு நான்கு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த ஒப்பந்தத்தின் முழு மதிப்பும் அதில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. பெரிய படைக்கலங்களுக்கு நிதி போதாமை உண்மையான சிக்கல்தான். ஆனால், கவச உடைக்கும் காலணிக்கும் நிதி ஒன்றே தடை என்பதை இந்தக் கணக்கு ஏற்க விடாது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. குண்டு துளைக்காத உடைக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தேசியத் தர வரையறை வெளிவந்ததே 2018-இல்தான். அதுவரை ஒவ்வொரு படையும் தனக்கென ஒரு வரையறையை எழுதிக்கொண்டது. வெளிநாட்டு வரையறைகளையும் நாடியது. எதை வாங்க வேண்டும் என்பதற்கே பொதுவான அளவுகோல் இல்லாத நிலையில், சோதனை முடிவுகளை எவர் வேண்டுமானாலும் மறுக்கலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இழுக்கலாம்.

அதிகாரிகளின் அச்சத்துக்கும் வரலாறு உண்டு. 1986-இல் கையெழுத்தான போபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம் மறு ஆண்டில் ஊழல் புயலைக் கிளப்பியது. அதன்பின் அடுத்த பெரிய பீரங்கிக் கொள்முதலுக்கான ஒப்பந்தம் 2016-இல்தான் கையெழுத்தாயிற்று. கார்கில் போர் நடந்த 1999-இல் வீரர்களின் உடல்களை வீட்டுக்குக் கொண்டுசெல்ல அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் அலுமினியச் சவப்பெட்டிகள் வாங்கப்பட்டன. வந்தவை குறித்த எடையைவிட மிகக் கனமாக இருந்தன. விலையும் மிகை என்று 2001-இல் தணிக்கை அறிக்கை கண்டித்தது. மத்தியப் புலனாய்வுத் துறை 2009-இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2013-இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை நீதிமன்றம் விடுவித்தது. அந்த வழக்கின் சரி தவறு ஒருபுறம் இருக்கட்டும். அவசரத்தில் கையொப்பமிட்டால் பல்லாண்டுகள் வழக்கில் அலைய வேண்டும் என்பதே கோப்புகளைக் கையாள்வோர் அதிலிருந்து பெற்ற பாடம். ஊழலைத் தடுக்க எழுப்பிய வேலி, முடிவெடுப்பதையும் தடுக்கும் வேலியாகிவிட்டது.

ஊழல் விழிப்புணர்வு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மட்டமான காலணிக்குப் பணம் தருவதும் வீரருக்கு இழைக்கும் துரோகமே. ஆனால், ஊழலில் போன பணத்துக்குக் கணக்கு எழுதும் நாம், தாமதத்தில் போன காலத்துக்குக் கணக்கு எழுதுவதில்லை. பணத்தின் இழப்பு அரசுக் கருவூலத்தில் பதிவாகிறது. காலத்தின் இழப்பு ஒரு சிப்பாயின் கால்விரலில் பதிவாகிறது. அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

நான் வசிக்கும் மேல்பட்டாம்பாக்கம், கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடைப்பட்ட சிறு பேரூர். கரும்பையும் நெல்லையும் நம்பிய பகுதி. ராணுவ வேலை இங்கே பல குடும்பங்களின் கனவு. விடியற்காலையில் பண்ருட்டி சாலையோரம் ஓட்டப் பயிற்சி செய்யும் இளைஞர்களைப் பார்க்காத நாள் இல்லை. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, சிப்பாயாகச் சேர்பவரின் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் நான்கில் ஒரு பங்கினர் வரை மட்டுமே நிரந்தரப் பணியில் தொடர முடியும். இந்த நான்கு ஆண்டுகளைத் தணிக்கை அறிக்கை சொன்ன நான்கு ஆண்டுத் தாமதத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். ஓர் இளைஞர் சேரும் நாளில் தொடங்கும் கோப்பு அதே வேகத்தில் நகர்ந்தால், அவர் சீருடையைக் களைந்து வீடு திரும்பும் நாளில்தான் காலணி வந்து சேரும். பதினைந்து, பதினேழு ஆண்டுகள் பணியாற்றிய முந்தைய தலைமுறைச் சிப்பாய், கடைசி ஆண்டுகளிலாவது நல்ல பொருளைக் கண்டிருப்பார். குறுகிய பணிக்காலம் வந்த பிறகு, தாமதம் என்பது மறுப்பதற்குச் சமம்.

இந்தப் பொருள்களைத் தயாரிப்பதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1961-இல் ஆவடியில் தொடங்கப்பட்ட படைத்துறை உடைத் தொழிற்சாலை, பல தலைமுறை வீரர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்த இடம். 2021 அக்டோபர் 1 முதல் படைத்துறைத் தொழிற்சாலைகள் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஆவடி ஆலை 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' என்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. போட்டியின்றி ஆணை கிடைத்த காலத்தில் இத்தகைய ஆலைகளின் காலதாமதத்தையும் தரக் குறைகளையும் தணிக்கை அறிக்கைகள் பலமுறை கண்டித்துள்ளன. இப்போது தனியாருடன் போட்டியிட வேண்டிய நிலையில், ஆணைகள் குறையுமோ என்று தொழிலாளர்கள் அஞ்சுகிறார்கள். பொதுத்துறையா, தனியாரா என்ற விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால், பனிமலையில் நிற்பவருக்கு அந்த விவாதத்தின் முடிவு முக்கியமில்லை. காலணி எந்தத் தேதியில் வரும், எத்தனை மாதம் உழைக்கும் என்ற இரண்டே முக்கியம். அவ்விரண்டுக்கும் பொறுப்பேற்பவர் யார் என்பதை இரு ஏற்பாடுகளுமே தெளிவாகச் சொல்லவில்லை.

அணிபவரைக் கேட்காமலே அவர் அணிய வேண்டியதை முடிவு செய்யும் வழக்கம் நம் மண்ணில் பழையது. எங்கள் ஊருக்குக் கிழக்கே, கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டைக்கு 1748-இல் வந்திறங்கிய ஸ்டிரிங்கர் லாரன்ஸ்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையை ஒழுங்குபடுத்தியவர். அந்தப் படையின் சிப்பாய்களுக்குத் தோலால் ஆன சின்னம் பதித்த, தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகையைத் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் கட்டாயமாக்கினார். எதிர்ப்புத் தெரிவித்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. விளைவு, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த புரட்சி. அதற்குக் காரணங்கள் பல. என்றாலும் உடனடிப் பொறி அந்தத் தலைப்பாகைதான். கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். இன்றைய ராணுவத்தை அன்றைய கம்பெனிப் படையோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால், களத்தில் அணிபவரின் சொல்லுக்குக் கொள்முதல் கோப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் இன்றும் பொருந்துகிறது.

இதே சிக்கலைச் சந்தித்த வேறொரு நாடு என்ன செய்தது என்பதைப் பார்ப்பது பயன்தரும். 2003 மார்ச்சில் ஈராக் போரில் பிரிட்டிஷ் டாங்கிப் படைச் சார்ஜண்ட் ஒருவர் கொல்லப்பட்டார். கவச உடைகள் போதாததால், அவர் தம்முடையதைச் சில நாள்களுக்கு முன்புதான் மற்றவர்களுக்காகத் திருப்பிக் கொடுத்திருந்தார். 2006-இல் நடந்த மரண விசாரணையில், கொள்முதலிலும் வழங்கலிலும் நேர்ந்த தாமதத்தையும் கடுமையான குறைபாடுகளையும் விசாரணை அதிகாரி வெளிப்படையாகப் பதிவு செய்தார். தகுந்த கருவிகள் தராமல் போருக்கு அனுப்பியதாகக் குடும்பத்தினர் தொடுக்கும் வழக்குகளை விசாரிக்கலாம் என்று 2013-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-இல் வெளிவந்த சில்காட் விசாரணை அறிக்கை, கருவிப் பற்றாக்குறையைக் கண்டறிந்து சொல்லும் பொறுப்பு அமைச்சகத்தில் யாருடையது என்பதே தெளிவாக இல்லை என்று குற்றஞ்சாட்டியது. அங்கேயும் தவறு நேர்ந்தது. ஆனால், தாமதத்தையே ஒரு குற்றமாகக் கருதி, அதன் தடத்தைப் பின்தொடர்ந்து சென்றார்கள். நாம் கற்க வேண்டியது அதைத்தான்.

நம்மாலும் விரைந்து வாங்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2016-இல் யூரி தாக்குதலுக்குப் பிறகு படைகளுக்கு அவசரக் கொள்முதல் அதிகாரம் வழங்கப்பட்டது. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி உள்ளிட்ட 20 வீரர்கள் உயிரிழந்த பிறகு, ஜூலையில் 300 கோடி ரூபாய் வரையிலான அவசர மூலதனக் கொள்முதலுக்குப் படைகளுக்கே அதிகாரம் தரப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் லடாக்கில் குவிக்கப்பட்ட வீரர்களுக்காக அமெரிக்காவிடமிருந்து அவசரமாகக் குளிராடைகளும் பெறப்பட்டன. ஆக, வாங்க முடியாது என்பதில்லை. உயிர்கள் போன பிறகே நமக்கு அவசரம் வருகிறது. அதுவும் அவசரத்தில் வாங்கும்போது பேரம் பேசும் வலிமை குறையும். உள்நாட்டில் தயாரிக்க நேரம் இருக்காது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சியாச்சினில் எத்தனை பேர் பணிபுரிகிறார்கள் என்பது ராணுவத்துக்குத் தெரியும். ஒரு காலணி எத்தனை மாதம் உழைக்கும் என்பதும் தெரியும். எனவே, அடுத்த ஐந்தாண்டுகளின் தேவை இன்றே கணக்கிடக்கூடியது. அத்தகைய அடிப்படைப் பொருள்களுக்கு ஆண்டுதோறும் புதிதாகக் கோப்பு திறக்காமல், பல ஆண்டு விலை ஒப்பந்தங்கள் செய்துகொள்ளலாம். உறுதியான ஆணை கிடைக்கும் என்று தெரிந்தால், தோல் தொழிலில் நெடிய அனுபவமுள்ள ஆம்பூரும் ராணிப்பேட்டையும் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து உயர்மலைக் காலணியில் முதலீடு செய்ய முன்வரக்கூடும். 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய பாதுகாப்புக் கொள்முதல் கையேடு, வருவாய்வழிக் கொள்முதலை எளிமையாக்கும் நோக்கம் கொண்டது. அது வரவேற்கத்தக்கது. ஆனால், கையேடு எளிமையானால் மட்டும் கோப்பு நகர்ந்துவிடாது.

ஒவ்வொரு படியிலும் கோப்பு எத்தனை நாள் தங்கலாம் என்ற வரம்பு வேண்டும். வரம்பு மீறினால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டிய கடமை, கோப்பை வைத்திருப்பவருக்கு இருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு விரைந்து முடிவெடுத்தவருக்குச் சட்டப் பாதுகாப்பும், காரணமின்றித் தாமதித்தவருக்குப் பணிப்பதிவேட்டில் குறிப்பும் வேண்டும். குறைந்த விலையை மட்டும் பார்க்காமல், ஒரு குளிர்காலம் முழுவதும் அணிந்து பார்த்த வீரர்களின் மதிப்பீட்டுக்கும் மதிப்பெண் தர வேண்டும். காலணி, கண்ணாடி, கவச உடை, உறங்கும் பை, சிறப்பு உணவு ஆகிய ஐந்து பொருள்களின் இருப்பு விழுக்காட்டை ஆண்டுதோறும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வைக்க வேண்டும். எந்த முகாமில் எவ்வளவு என்ற ரகசியம் பகைவருக்குத் தெரிய வேண்டாம். பற்றாக்குறை இருக்கிறதா என்பது மக்கள் பிரதிநிதிகளுக்குத் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து 39 மக்களவை உறுப்பினர்கள் தில்லிக்குச் செல்கிறார்கள். பாதுகாப்பு மானியக் கோரிக்கை விவாதத்தில் போர் விமானங்களைப் பற்றி அவர்கள் பேசட்டும். அதோடு, சியாச்சின் காலணிக் கோப்பு இன்று எந்த மேசையில் இருக்கிறது, அங்கே வந்து எத்தனை நாளாகிறது என்று ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், அந்தக் கோப்பு அந்த மேசையில் நெடுநாள் தங்காது.